பிரிட்டனில் குழந்தைப் பெயர்களும் வர்க்க அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், அந்நாட்டுச் செய்திகளையும் தொலைக்காட்சித் தொடர்களையும் தொலைவிலிருந்து பின்தொடர்கிறவர்களும் பெயர்கள் குறித்து ஒரே விதமான ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் ஏன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், இன்னொரு பெயரைச் சொன்னால் ஏன் மரியாதை கூடுகிறது என்பது வெளியிலிருந்து வருபவருக்கு எளிதில் விளங்குவதில்லை. அங்கேயே பிறந்தவர்கள் அதை வெளிப்படையாக விளக்கவும் தயங்குகிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை அமைத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றுக்குச் செல்லும் வரிசையில் விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

1. பெயரைக் கேட்டவுடனே ஒருவர் எந்த வர்க்கம் என்று அங்கே தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

தெரிந்துவிடுவதில்லை, ஊகித்துவிடுகிறார்கள். பிரிட்டனில் வர்க்கம் என்பது வருமானத்தை மட்டும் குறிப்பதன்று. உச்சரிப்பு, படித்த பள்ளி, மாலை உணவை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பது வரை எதையும் வர்க்க அடையாளமாகப் படிக்கும் பழக்கம் அங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உயர்குடியினரும் மற்றவர்களும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்களை வழங்குவதைப் பற்றி 1954இல் பர்மிங்காம் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஆலன் ராஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாடே பேசும் விவாதமாக மாறியது. அப்படிப்பட்ட சமூகத்தில் பெயர் மட்டும் தப்பிவிட முடியாது.

முதற்பெயர் ஒன்று நான்கு செய்திகளைக் கலந்து தருகிறது: பிறந்த காலம், வட்டாரம், சமயம் அல்லது இனம், பெற்றோரின் வர்க்கம். இவற்றுள் ஓரளவு நம்பத்தக்கது பிறந்த காலம்தான். வர்க்கம் பற்றிய ஊகம் பல நேரங்களில் பிழைபடுகிறது. ஆனாலும் மக்கள் மிகுந்த உறுதியோடு முடிவுக்கு வருவது அந்தப் பிழைபடக்கூடிய ஊகத்தில்தான்.

2. எந்தப் பெயர் எந்த வர்க்கம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் வசதியாக இருக்குமே?

பொதுவாக நிலவும் எண்ணங்களைச் சொல்லலாம். ஹியூகோ, ரூப்பர்ட், பெரெக்ரின், அராபெல்லா, கொசிமா, ஒட்டிலி ஆகியவை மேல்தட்டுப் பெயர்களாகக் கருதப்படுகின்றன. 'தி டைம்ஸ்', 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழ்களில் கட்டணம் செலுத்தி வெளியிடப்படும் பிறப்பு அறிவிப்புகளில் இத்தகையவற்றைக் காணலாம். இமோஜன், ஹாரியட், பீட்ரிஸ், தியோடோர் போன்றவை படித்த நடுத்தர வர்க்கத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. டைலர், ஜேடன், ஷான்டெல், கெய்லி, லேசி போன்றவற்றை உழைக்கும் வர்க்கப் பெயர்கள் என்கிறார்கள்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. பழைய நிலவுடைமைக் குடும்பங்கள் பெரும்பாலும் அலங்காரமான பெயர்களை நாடுவதில்லை. ஜார்ஜ், வில்லியம், ஹென்றி, சார்லஸ், ஆலிஸ், ஷார்லட் என்று முன்னோர் பெயர்களையே சுற்றிச்சுற்றி வைக்கிறார்கள். அரச குடும்பத்தில் இளவரசர் வில்லியமுக்கு 2013, 2015, 2018 ஆண்டுகளில் பிறந்த மூன்று குழந்தைகளுக்கும் ஜார்ஜ், ஷார்லட், லூயி என்றுதான் பெயர். இப்பெயர்கள் எல்லா வர்க்கத்தினரிடமும் இருப்பதால் பட்டியல் இந்த இடத்திலேயே பயனற்றுப் போகிறது. உயர்குடியை அடையாளம் காட்டுவது, முதற்பெயரைவிட, அதற்குப் பின்னால் நிற்கும் நடுப்பெயர்களின் வரிசைதான். முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சனின் முழுப்பெயர் அலெக்சாண்டர் போரிஸ் டி ஃபெஃபல் ஜான்சன்; வீட்டார் அவரை அழைப்பது 'ஆல்' என்று.

3. இந்த வேறுபாடு எப்போது தொடங்கியது? அண்மைக்காலத்தில் வந்ததா?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்பவை ஆளவந்தோரின் பெயர்கள். லியோஃப்ரிக், வுல்ஃப்ரிக், கோட்வின் என்பவை தோற்ற மக்களின் பெயர்கள். அடுத்த சில தலைமுறைகளில் நகரத்தாரும் பின்னர் உழவர்களும் ஆள்வோரின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டத் தொடங்கினர். 13ஆம் நூற்றாண்டுக்குள் பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. எட்வர்ட், எட்மண்ட் போன்ற சில, புனிதர்களாக வணங்கப்பட்ட மன்னர்களின் பெயர்கள் என்பதால் பிழைத்தன.

பிற்காலத்தில் இந்த அதிகாரம் வீட்டுக்குள்ளேயே செயல்பட்டது. பெரிய மாளிகைகளில் வேலைக்குச் சேரும் பணியாளின் பெயர் எசமானியின் பெயராகவோ அவருடைய மகளின் பெயராகவோ இருந்தால், அல்லது பணியாளுக்கு மிகையான பெயர் என்று தோன்றினால், வேறு பெயர் சூட்டி அழைத்தனர். ஏவலாளர் எவராயினும் ஜேம்ஸ் அல்லது ஜான். பணிப்பெண் எவராயினும் மேரி. தன் பெயரைக்கூட வாசலில் விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டிய நிலை விக்டோரியா காலம் கடந்தும் நீடித்தது. பெயரையும் வர்க்கத்தையும் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

4. உயர்குடியினர் பெயராக இருந்தது சாதாரணப் பெயராக எப்படி மாறுகிறது?

இதற்கு ஸ்டேன்லி என்ற பெயரே போதுமான சான்று. முதலில் அது முதற்பெயரே அன்று. டார்பி பிரபுக்களின் குடும்பப் பெயர். அதைப் போலவே பெர்சி என்பது நார்தம்பர்லேண்ட் பிரபுக்களுடையது. ஹோவர்ட் என்பது நார்ஃபோக் பிரபுக்களுடையது. 19ஆம் நூற்றாண்டில் செல்வம் சேர்த்த நடுத்தர வர்க்கத்தினர் இந்தக் குடும்பப் பெயர்களைத் தம் மகன்களுக்கு முதற்பெயராகச் சூட்டினர். 1867இல் பிறந்து பின்னாளில் பிரதமரான ஸ்டேன்லி பால்ட்வின், இரும்புத் தொழிற்சாலை உடைமையாளரின் மகன். 1915இல் மட்பாண்டத் தொழில் நகரான ஸ்டோக்கின் ஹேன்லி பகுதியில் பிறந்த புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஸ்டேன்லி மேத்யூஸ், குத்துச்சண்டையும் ஆடிய ஒரு முடிதிருத்துநரின் மகன். ஐம்பதே ஆண்டுகளில் பெயர் மாளிகையிலிருந்து தொழிலாளர் தெருவுக்கு வந்துவிட்டது. பெர்சி, சிட்னி, நெவில் ஆகியவையும் ஏறக்குறைய இதே வழியில் இறங்கின.

பெண் பெயர்களில் ஃப்ளோரன்ஸ் இன்னும் தெளிவான சான்று. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820இல் இத்தாலிய நகரான ஃப்ளோரன்ஸில் பிறந்ததால் அந்த ஊரின் பெயரைப் பெற்றார். ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் பயணம் செய்யும் அளவுக்கு வசதி படைத்த பெற்றோரால் மட்டுமே அப்படிப் பெயரிட முடிந்தது. கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அவர் ஆற்றிய பணியால் அப்பெயர் நாடெங்கும் பரவி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகப் பரவலான பெண் பெயர்களுள் ஒன்றாயிற்று. சலவைத் தொழிலாளியின் மகளும் ஃப்ளோரன்ஸ், ஆலைத் தொழிலாளியின் மகளும் ஃப்ளோரன்ஸ் என்றானபின், மேலே இருந்தவர்கள் அதைக் கைவிட்டனர். பின்னர் கீழே இருந்தவர்களும் கிழவியின் பெயர் என்று ஒதுக்கினர்.

கீழுள்ளவர்கள் ஒரு பெயரை ஏற்கிறார்கள். அதனாலேயே மேலுள்ளவர்கள் அதை விட்டு நகர்கிறார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பல விடைகளுக்கு அடிப்படை இதுதான்.

5. ஷாரன், ட்ரேசி என்ற பெயர்களில் என்ன குறை? ஏன் கேலி செய்கிறார்கள்?

பெயர்களில் ஒரு குறையும் இல்லை. ஷாரன் என்பது விவிலியத்தில் வரும் வளமான சமவெளியின் பெயர். ட்ரேசி என்பது நார்மானிய ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர். 1956இல் கிரேஸ் கெல்லி நடித்த ஹாலிவுட் படமொன்றில் பெரும் செல்வக் குடும்பத்து நாயகிக்கு அந்தப் பெயர். 1964இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த பெண் குழந்தைகளின் முதல் பத்துப் பெயர்களில் ட்ரேசியும் ஷாரனும் இருந்தன. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கையில் கொஞ்சம் பணம் புழங்கத் தொடங்கிய குடும்பங்கள், பாட்டி பெயரைத் தொடராமல் புதிதாக, அழகாக ஒன்றைத் தம் மகளுக்குக் கொடுக்க விரும்பியதன் விளைவு அது. அந்த விருப்பத்தில் நம்பிக்கை இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்கள் வேலைக்கும் நடன விடுதிக்கும் செல்லும் வயதை அடைந்தபோது, கிழக்கு லண்டனிலிருந்தும் எசெக்ஸிலிருந்தும் வந்த உழைக்கும் வர்க்க இளம்பெண்கள் அனைவரையும் குறிக்கும் இழிசொல்லாக அவ்விரு பெயர்களும் சேர்த்து வழங்கப்பட்டன. 1989இல் பிபிசியில் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடரின் இரு சகோதரிகளுக்கும் இவையே பெயர்கள். செய்தித்தாள்களும் அதையே பிடித்துக்கொண்டன. படிக்காதவள், நாகரிகம் அறியாதவள், ஒழுக்கம் குறைந்தவள் என்ற மூன்று பழிகளையும் அந்தப் பெயர்களோடு பிணைத்தது வர்க்க வெறுப்போடு பெண் வெறுப்பும் சேர்ந்ததால்தான். ஆண்களின் பெயர்களுக்கு இந்த அளவு கொடுமை நேரவில்லை.

ஆனால் அப்பெயர்களைத் தாங்கியே உயர்ந்தவர்களும் உண்டு. 1963இல் பிறந்த ட்ரேசி எமின் நாட்டின் முதன்மையான கலைஞர்களுள் ஒருவராகி 2024இல் 'டேம்' என்ற உயரிய அரச பட்டம் பெற்றார். 1967இல் பிறந்த பொருளியலாளர் ஷாரன் வைட், கருவூலத்தில் உயர் பதவி வகித்து, பின்னர் ஜான் லூயிஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவரானார்.

6. கெவின், வெய்ன், டேரன், கைலி எல்லாம் ஏன் தாழ்வாகப் பார்க்கப்படுகின்றன? இவை வெளிநாட்டுப் பெயர்களா?

கெவின் அயர்லாந்தின் கிளெண்டலாக் மடத்தை நிறுவிய புனிதரின் பெயர். ஐரிஷ் தொழிலாளர்களோடு பிரிட்டனுக்குள் வந்து பின்னர் பரவியது. வெய்ன் என்பதற்குப் பின்னால் ஜான் வெய்ன் என்ற அமெரிக்கத் திரை நாயகர் நிற்கிறார். கைலி ஆஸ்திரேலியப் பெயர். 1986 முதல் பிபிசி ஒளிபரப்பிய ஆஸ்திரேலியத் தொடர் ஒன்றின் மூலம் கைலி மினோக் புகழ்பெற்ற பிறகு பிரிட்டனில் பரவியது. கெய்லி என்ற பெயர் 1985இல் மாரிலியன் இசைக்குழு வெளியிட்ட அதே பெயருள்ள பாடலால் பரவியது.

இவற்றுக்குப் பொதுவானது, திரையிலிருந்தோ பாட்டிலிருந்தோ புலம்பெயர்ந்தவரிடமிருந்தோ வந்தவை என்பதுதான். கிரேக்கப் புராணத்திலிருந்தோ இலக்கியத்திலிருந்தோ எடுத்தால் அது கல்வியின் அடையாளம். தொலைக்காட்சியிலிருந்து எடுத்தால் அறியாமையின் அடையாளம் என்பது அங்கு எழுதப்படாத தீர்ப்பு. இரண்டும் தாம் நேசித்த கதையிலிருந்து பெற்றோர் எடுத்த பெயர்களே. எந்தக் கதைக்கு மதிப்பு என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தாம் பெயரின் மதிப்பையும் தீர்மானிக்கிறார்கள்.

டேரன் பற்றி ஒரு செய்தி. 2017இல் பிரிஸ்டலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட டேரன் ஜோன்ஸ், தம் முதல் உரையில், நாடாளுமன்றக் கீழவைக்கு வந்த முதல் டேரன் தாமே என்று குறிப்பிட்டார். 1960களிலும் 1970களிலும் எத்தனையோ டேரன்கள் பிறந்த நாட்டில் அந்த ஒருவர் வர 2017 ஆயிற்று.

7. பாட்டி காலத்துப் பெயர்கள் இப்போது திரும்பி வந்து நாகரிகமாகிவிட்டனவே, அது எப்படி?

4ஆம் விடையில் சொன்ன சுழற்சியின் மறுபாதி இது. ஒரு பெயரைத் தாங்கிய தலைமுறை முழுதும் மறைந்தபின், அதோடு ஒட்டியிருந்த வர்க்க நினைவும் மங்குகிறது. ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தால் பழைய பெயர் மீண்டும் புதிதாக ஒலிக்கிறது. 2022ஆம் ஆண்டின் முதல் பத்துப் பெண் பெயர்களில் ஃப்ளோரன்ஸும் ஐவியும், ஆண் பெயர்களில் ஆர்தரும் ஜார்ஜும் இருந்தன. முதலில் திரும்பி எடுத்தவர்கள் பெரும்பாலும் நகரங்களில் வாழும் படித்த நடுத்தர வர்க்கத்தினர். சுரங்கத் தொழிலாளியின் பெயராக இருந்த ஸ்டேன்லி அவர்கள் கையில் சுவையறிந்த தேர்வாகிறது.

8. ஆல்ஃபி, சார்லி, ஃப்ரெடி என்று செல்லப்பெயரையே பதிவு செய்கிறார்களே, அது எந்த வர்க்கத்து வழக்கம்?

தொடக்கத்தில் இதை உழைக்கும் வர்க்க வழக்கமாகவே பார்த்தனர். பதிவேட்டில் ஆல்ஃபிரட், வீட்டில் ஆல்ஃபி என்பது நடுத்தர வர்க்கத்தினரின் முறை. பதிவேட்டிலேயே ஆல்ஃபி என்று எழுதுவதைப் பொறுப்பின்மை என்று கருதினர். இன்று அந்த வேலி பெரிதும் இடிந்துவிட்டது. 2022இல் தியோடோர், தியோ இரண்டுமே தனித்தனியாக முதல் பத்தில் இடம்பெற்றன. 1984இல் பிறந்த இளவரசர் ஹாரிக்குத் திருமுழுக்கில் ஹென்றி என்று பெயரிட்டனர். 2019இல் பிறந்த அவர் மகனுக்கு நேரடியாக ஆர்ச்சி என்றே பெயர்.

உயர்குடியினரிடமும் செல்லப்பெயர் வழக்கம் வலுவாக உண்டு: டிகி, பிங்கி, பன்னி என்று விளையாட்டுப் பெயர்களை அறுபது வயதிலும் சுமப்பவர்கள் அவர்கள். பதிவேட்டில் இருக்கும் பெருமைமிக்க முழுப்பெயர் அவர்களுக்குக் காவலாக நிற்கிறது. அரசியலில் இதன் பயன் வேறு: எளியவராகத் தோன்றுவது. பிரபுப் பட்டத்தை 1963இல் துறந்த தொழிற்கட்சி அரசியல்வாதி ஆந்தனி வெட்ஜ்வுட் பென், 1970களில் தம்மை டோனி பென் என்று சுருக்கிக்கொண்டார். ஆந்தனி சார்லஸ் லிண்டன் பிளேர் நாட்டுக்கு டோனி பிளேராகவே அறிமுகமானார்.

9. இணைப்புக்குறி போட்ட பெயர் உயர்வா தாழ்வா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்களே?

குறி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. குடும்பப் பெயரில் விழும் இணைப்புக்குறி நெடுங்காலமாக உயர்குடி அடையாளம். ஆண் வாரிசு இல்லாத குடும்பத்தின் நிலம் மகள் வழியே இன்னொரு குடும்பத்துக்குச் செல்லும்போது, அந்தப் பெயர் அழியாதிருக்க இரண்டையும் இணைப்பது சொத்து வழங்குவதற்கான நிபந்தனையாகவே இருந்ததுண்டு. மாறாக, லில்லி-மே, எல்லி-மே, டாமி-லீ என முதற்பெயரில் விழும் குறியை உழைக்கும் வர்க்க அடையாளமாகப் பார்க்கிறார்கள்.

இப்போது முதல் பாதியும் குழம்பிவிட்டது. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வோரும், தாயின் பெயரும் தொடர வேண்டும் என்று விரும்புவோரும் பிள்ளைக்கு இருவர் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட், டாமினிக் கால்வெர்ட்-லூயின், மார்கன் கிப்ஸ்-வைட் என இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களின் சட்டை முதுகுகளில் இன்று இத்தகைய பெயர்களைக் காணலாம். அவற்றில் நிலமும் பட்டமும் தேட வேண்டியதில்லை.

10. எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதுவது?

ஒரே ஒலிக்கு வழக்கமான எழுத்துகளை விட்டு வேறு எழுத்துகளைச் சேர்ப்பது, குறிப்பாக ஜாக்சன், ஜேடன் போன்றவற்றைப் பலவிதமாக எழுதுவது, கீழாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் கேத்தரின் என்ற பெயரைப் பல விதமாக எழுதும் மேல்தட்டு வழக்கத்தை எவரும் குறை சொல்வதில்லை. தீர்ப்பு எழுத்தைப் பொறுத்து அமையவில்லை, எழுதுபவரைப் பொறுத்தே அமைகிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

11. இதற்கெல்லாம் புள்ளிவிவரம் உண்டா, அல்லது வெறும் பேச்சுதானா?

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் மூன்று குழந்தைகளுக்கேனும் சூட்டப்பட்ட பெயர்கள் மட்டுமே அதில் இடம்பெறும். அதற்கும் குறைந்தால் குடும்பத்தை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் வர்க்கம் என்ற தலைப்பு கிடையாது. தாயின் வயதுவாரியான பகுப்பு மட்டும் உண்டு: 35 வயதைக் கடந்த தாய்மார் மரபான பெயர்களையும், இளம் தாய்மார் புதிய, சுருக்கமான பெயர்களையும் நாடுவதாக அந்த அலுவலகம் குறிப்பிட்டிருக்கிறது. நெடுநாள் படித்த பெண்கள் தாமதமாகத் தாயாவதால், வயது இங்கே வர்க்கத்தின் நிழலாகவும் அமைகிறது.

மறுமுனையில் ஓர் ஆய்வு இருக்கிறது. பொருளியல் வரலாற்றாசிரியர் கிரெகரி கிளார்க், 2008 முதல் 2013 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர்களின் முதற்பெயர்களை, அதே வயதினரிடையே அப்பெயர்கள் எவ்வளவு பரவலாக இருந்தன என்பதோடு ஒப்பிட்டார். எலினர், பீட்டர், சைமன், ஆன்னா, கேத்தரின் ஆகியோர் எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைவிட மிக அதிகமாகவும், ஜேட், பெய்ஜ், ஷானன் ஆகியோர் மிகமிகக் குறைவாகவும் இருந்தனர்.

12. அப்படியானால் ஜேட் என்று பெயர் வைத்தால் பிள்ளை ஆக்ஸ்போர்டு போகாது என்றுதானே பொருள்?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய விடை இது. எலினர் என்று பெயரிட்ட பெற்றோரில் பெரும்பங்கினர் பட்டதாரிகள். வீட்டில் நூல்கள் இருந்தன, நல்ல பள்ளி அமைந்த பகுதியில் வீடு வாங்கப் பணம் இருந்தது, நேர்முகத் தேர்வுக்குப் பழக்கிவிட ஆள் இருந்தது. ஜேட் என்று பெயரிட்ட பெற்றோரில் பலருக்கு இவை இல்லை. பெயர் அந்த வேறுபாட்டின் தடம். அதை உண்டாக்கியது பெயரன்று. பட்டதாரி வீட்டு ஜேட்டை எலினர் என்று மாற்றி அழைத்தாலும் அவள் வாய்ப்புகள் அப்படியே இருக்கும். வறிய வீட்டு ஜேட்டை எலினர் என்று அழைத்தாலும் அவளுக்கு நூலகம் முளைத்துவிடாது.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது பெற்றோருக்குத் தேவையற்ற குற்ற உணர்வைத் தருவதோடு, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் உள்ள பொறுப்பைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

13. ஆனால் ஆசிரியர்களும் வேலை கொடுப்பவர்களும் பெயரைப் பார்த்து ஒதுக்குவதில்லையா?

ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே பெயரால் எந்த விளைவும் இல்லை என்று முந்தைய விடையைப் புரிந்துகொள்ளக் கூடாது. 2013 ஜூலையில் கேட்டி ஹாப்கின்ஸ் என்ற பத்தி எழுத்தாளர், சில பெயர்களைத் தாங்கிய குழந்தைகளோடு தம் பிள்ளைகள் பழகுவதை விரும்பவில்லை என்று காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னார். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அவர் உரக்கச் சொன்னதைப் பள்ளி வாசல்களில் மெதுவாகச் சொல்பவர்கள் உண்டு என்பதை அங்கு வாழ்பவர் அறிவர்.

வேலை விண்ணப்பங்களில் பெயரின் தாக்கத்தை உறுதியாக அளந்திருப்பது இனம் சார்ந்துதான். ஆக்ஸ்போர்டின் நஃபீல்டு கல்லூரி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 3,200 வேலைகளுக்குத் தகுதியில் ஒத்த கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி 2019இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுபான்மை இனத்தவர் பெயரில் சென்றவை அதே அளவு சாதகமான பதிலைப் பெற 60 விழுக்காடு கூடுதலாக அனுப்ப வேண்டியிருந்தது. பெயரை மறைத்து விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் முறையை அரசுப் பணித்துறை பின்பற்றுகிறது. இது வர்க்க ஊகத்தையும் சேர்த்தே தடுக்கிறது.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனம், பாலினம், சமயம், வயது, உடற்குறை உட்பட ஒன்பது அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. வர்க்கம் அவற்றில் இல்லை. சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைக் கருத்தில் கொள்ளும் கடமையைப் பொது அமைப்புகளுக்கு ஸ்காட்லாந்து 2018லும் வேல்ஸ் 2021லும் நடைமுறைப்படுத்தின. ஷான்டெல் என்ற பெயர் தாழ்ந்த குடியைக் காட்டுகிறது என்பதற்காக மட்டும் ஒருவரை நிராகரித்தால், அச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர வழியில்லை. என் பார்வையில் இந்த இடைவெளி நிரப்பப்பட வேண்டும்.

14. பிரிட்டனில் பெயர் வைக்கத் தடை ஏதும் உண்டா? பிறகு மாற்ற முடியுமா?

அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் என்று எதுவும் அங்கு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 42 நாட்களுக்குள்ளும், ஸ்காட்லாந்தில் 21 நாட்களுக்குள்ளும் பிறப்பைப் பதிய வேண்டும். பதிவாளர் தயங்கும் பெயர்கள் மிகச் சில. 2016இல் வேல்ஸைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளுக்குச் சயனைடு என்று பெயரிட விரும்பியபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. அது மிக அரிதான தீர்ப்பு. வர்க்க ஏளனத்துக்கு ஆளாகும் எந்தப் பெயருக்கும் சட்டத்தில் தடை கிடையாது.

பதிந்து 12 மாதங்களுக்குள் முதற்பெயரைப் பதிவேட்டிலேயே திருத்தலாம். அதற்குப் பின் 'டீட் போல்' எனப்படும் உறுதிமொழிப் பத்திரம் மூலம் மாற்றிக்கொள்ளலாம். நிதியமைச்சராக இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்னுக்குப் பெற்றோர் இட்ட பெயர் கிடியன். 13 வயதில் அவர் தாமாகவே ஜார்ஜ் என்று மாற்றிக்கொண்டார்.

15. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்திலும் இதே கணக்குதானா?

இல்லை. வட அயர்லாந்தில் பெயர் முதலில் சொல்வது சமயத்தை: ஷேமஸ், நீவ் என்றால் கத்தோலிக்கர், பில்லி, சாமி என்றால் புராட்டஸ்டன்ட் என்று எண்ணுகிறார்கள், வர்க்கம் அதற்குப் பிறகுதான். வேல்ஸில் கேரிஸ், குவிலிம், எலெரி போன்ற பெயர்கள் மொழிப்பற்றைக் காட்டுகின்றன. ஸ்காட்லாந்துக்கே உரியதென்று இங்கிலாந்தில் நினைக்கப்படும் ஹேமிஷ், ஸ்காட்லாந்துக்குள் சற்றே மேல்தட்டுப் பெயராக ஒலிக்கிறது. லண்டனில் கற்ற ஊகங்களை கிளாஸ்கோவுக்குக் கொண்டு சென்றால் பிழைதான் மிஞ்சும்.

16. முகம்மது என்ற பெயர் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்கிறார்களே, அதை எந்த வர்க்கத்தில் வைக்கிறார்கள்?

2023இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 4,661 ஆண் குழந்தைகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டு, அந்த ஒரே எழுத்துக்கூட்டலில் முதன்முறையாக முதலிடம் பெற்றது. வேறு இரண்டு எழுத்துக்கூட்டல்களும் தனியாக எண்ணப்பட்டு முதல் நூறில் இடம்பெற்றன. மருத்துவரின் மகனும் வாடகைக் கார் ஓட்டுநரின் மகனும் ஒருங்கே தாங்கும் பெயர் என்பதால் பழைய வர்க்க அளவுகோலுக்கு அது அடங்குவதில்லை. சமயப்பற்றால் ஒரே பெயரைப் பலர் தேர்ந்தெடுப்பதும், மற்றவர்களின் தேர்வுகள் ஆயிரக்கணக்கான பெயர்களாகச் சிதறிவிட்டதும் அந்த முதலிடத்துக்குக் காரணம். 4,661 என்பது அவ்வாண்டில் பிறந்த ஆண் குழந்தைகளில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு.

17. நம் பிள்ளைகளின் தமிழ்ப் பெயருக்கு அங்கே வர்க்க முத்திரை விழுமா? ஆங்கிலப் பெயர் வைப்பது நல்லதா?

பெரும்பாலான பிரிட்டிஷ்காரர்களால் கயல்விழி, பிரசாந்த், ஆரணி ஆகியவற்றுள் வர்க்கத்தைப் படிக்க முடியாது. அவர்கள் காதில் விழுவது அயல்நாட்டவர் என்ற செய்தி மட்டுமே. ஆகவே நம் பிள்ளைகள் சந்திக்கக்கூடியது 13ஆம் விடையில் சொன்ன இனப் பாகுபாடு. ஆங்கில முதற்பெயர் அதைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் குடும்பப் பெயர் அடுத்த நொடியே உண்மையைச் சொல்லிவிடும். அதோடு, சூழலை அறியாமல் ஆங்கிலப் பெயர் தேடும் பெற்றோர், தமக்கே தெரியாத ஒரு வர்க்க முத்திரையைப் பிள்ளைக்கு வாங்கித் தந்துவிடவும் கூடும். மாயா, மீரா போல இரு மொழியிலும் எளிதாக ஒலிக்கும் பெயர்களைப் பலர் நாடுவது இதனால்தான்.

2024இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு–போ தொகுதியிலிருந்து உமா குமரன் நாடாளுமன்ற உறுப்பினரானார். பெயரைச் சுருக்கவோ மாற்றவோ இல்லை. தமிழ்ப் பெயரை விரும்புகிறவர்கள் அஞ்சாமல் வைக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. எழுத்துக்கூட்டலை மட்டும் எளிதாக அமைத்து, பள்ளியில் சரியான உச்சரிப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

18. எந்த வர்க்கத்தையும் காட்டாத பெயர் என்று ஒன்று உண்டா? இன்றைய நல்ல பெயர் நாளைக்கும் நல்ல பெயராக இருக்குமா?

நெருங்கி வரும் பெயர்கள் உண்டு. ஜேம்ஸ், தாமஸ், டேனியல், எலிசபெத், சாரா, ஹன்னா ஆகியவை பல நூற்றாண்டுகளாக எல்லாத் தட்டிலும் வழங்கிவருவதால் எந்தத் தட்டுக்கும் தனியுரிமை இல்லை. 2016 முதல் முதலிடத்தில் தொடரும் ஒலிவியாவும் இப்போது அப்படித்தான். எல்லோரும் வைப்பதால் எவரையும் காட்டுவதில்லை.

நாளைக்கு என்ன ஆகும் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. 1964இல் ட்ரேசி என்று பெயரிட்டவர்கள் எவரும் தம் மகளுக்குத் தீங்கு தேடவில்லை; 4ஆம் விடையில் சொன்ன சுழற்சி அவர்கள் கையில் இல்லை. இன்று மேல்தட்டில் புதிதாகத் தோன்றும் ஒட்டிலியோ கொசிமாவோ முப்பது ஆண்டுகளில் எல்லாத் தெருக்களிலும் ஒலிக்கலாம். அப்போது அவற்றையும் விட்டு மேலே இருப்பவர்கள் நகர்வார்கள். எனவே உயர்வாகத் தோன்ற வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு பெயர் தேடுவது வீண். குழந்தைக்குச் சொல்ல எளிதாக இருக்கிறதா, உங்களுக்குப் பொருள் உள்ளதாக இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தயக்கம் நீங்காவிட்டால், முதற்பெயரோடு வேறு தன்மையுள்ள ஒரு நடுப்பெயரையும் பதியுங்கள். பிரிட்டனில் நடுப்பெயரையே தன் புழக்கப் பெயராகக் கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. வளர்ந்தபின் எந்தப் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம்.